அட்டை முந்துமா, நுளம்பு முந்துமா: கொழும்பில் ஆறு நாட்கள்

முதல் நாள், சனிக்கிழமை

மதுரையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். கடல் தெரிய ஆரம்பித்து, முன் வரிசைக் குழந்தை அழுது ஓய்வதற்குள் கட்டுநாயக்க விமான நிலையம் வந்துவிட்டது.

மதுரையில் எனக்கு சுகாதாரத் தரவு சம்பந்தமான வேலை. எந்த ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று வாரா வாரம் திரையில் எண்கள் வரும், அவற்றைச் சரிபார்த்து அனுப்புவேன். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வீட்டையும், அதை எழுதி அனுப்பும் மனிதரையும் நேரில் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. கொழும்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம் 2017. அந்த ஒரே வருடத்தில் இலங்கையில் 1,86,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள், 440 பேர் இறந்தார்கள். இரண்டு கோடியைச் சற்றே தாண்டிய நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய அடி! அதைத் தாங்கிக்கொண்ட ஊர் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான் வந்தேன்.

இந்த விமான நிலையத்தின் மேலும் எனக்குத் தனி மரியாதை உண்டு. 2020 ஜனவரி 27 அன்று இலங்கையின் முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்டார், சீனாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி. வருகிறவர்களைப் பதிவு செய்து, அவர்கள் போகும் ஊரின் சுகாதார அதிகாரிக்குத் தகவல் கொடுக்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. புதிதாக எதையும் விலைக்கு வாங்கவில்லை. சுகாதாரத் தகவல்களைச் சேகரிக்கும் டி.எச்.ஐ.எஸ்.2 என்ற கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடியதை, இங்கே ஏற்கெனவே பழகி வைத்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த 1994 வாக்கில் விதை போட்டு, நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த மென்பொருள் அது. சில நாட்களிலேயே அதற்குள் ஒரு புதிய பகுதியைக் கட்டிவிட்டார்கள். பிறகு அதையே மாதிரியாக வைத்து ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்டன. ஏழை நாடுகளுக்குத் தொழில்நுட்பம் எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

தங்குவது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து மாமி. அவருடைய பத்து வயதுப் பேத்தியும் கூடவே இருக்கிறாள். சோறு போடும்போதே எனக்கு முதல் பாடம் நடந்தது.

"பிள்ளை, உங்கட ஊரிலை கொசு எண்டுதானே சொல்லுறது? இஞ்ச நுளம்பு. பகலிலைதான் கவனமா இருக்கோணும்."

மாமி சொன்னது முழுக்கச் சரி. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். காலையிலும் மாலை மயங்கும் முன்பும் அதிகம். இரவில் வலைக்குள் படுத்தால் போதும் என்ற நம்பிக்கை மலேரியா காலத்திலிருந்து நமக்குள் ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் நாள், ஞாயிறு

ரயிலில் கோட்டைக்குப் போனேன். வெள்ளவத்தையிலிருந்து தண்டவாளம் கடலை ஒட்டியே போகிறது. அலைத் துளி சன்னல் வரை வந்தது. கோட்டையில் இறங்கிப் புறக்கோட்டைக் கூட்டத்தில் நுழைந்து செட்டியார் தெருவுக்கு நடந்தேன். நகைக்கடைகள் பாதி மூடியிருந்தன, கதிரேசன் கோயில் திறந்திருந்தது.

நான் சிவகங்கை மாவட்டத்துக்காரி. இந்தக் கோயில்களைக் கட்டிய நகரத்தார் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். ஆடி மாதம் வேல் ஊர்வலம் இந்தத் தெருவிலிருந்துதான் தெற்கே புறப்படும். காலராவுக்குப் பயந்து ஆங்கிலேய அரசு கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு போட்ட காலத்தில், 1870களில், கொழும்பிலேயே வேல் விழா எடுக்கத் தொடங்கினார்கள் என்று இங்கே தலைமுறையாகச் சொல்கிறார்கள். தேருக்கான வேலைகளைப் பேசிக்கொண்டிருந்த பெரியவர்களிடம் கேட்டேன், அவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒரு தொற்றுநோய் ஒரு திருவிழாவின் பாதையையே மாற்றியிருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது மண்டபம் முகாம் நினைவுக்கு வந்தது. தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களை, கடல் தாண்டும் முன் ராமேஸ்வரத்துக்கு அருகில் நிறுத்தி வைத்துத்தான் அனுப்பினார்கள். நோய் வராமல் தடுக்கத்தான் அது என்பது உண்மை. அதே காலத்தில் தோட்டத்தின் எண் அடித்த தகர வில்லையை அவர்கள் கழுத்தில் மாட்டிவிட்டதும் உண்மை. ஆளைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து எந்தத் தோட்டத்துக்கு என்று பிரித்து அனுப்பலாம். அதுவும் அந்தக் காலத்துத் தகவல் தொழில்நுட்பம்தான். என் வேலையில் நோயாளியின் பெயரும் முகவரியும் கைக்கு வரும்போதெல்லாம் அந்தத் தகர வில்லையை நினைத்துக்கொள்வேன். 2022இல் இலங்கை தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது சந்தோஷப்பட்டதற்கும் அதுவே காரணம்.

திரும்பி வந்தபோது மணி எட்டு. பேத்தி படுத்திருந்தாள். "காய்ச்சல் காயுது" என்றார் மாமி. தொட்டுப் பார்த்தேன், கொதித்தது.

மூன்றாம் நாள், திங்கள்

காலையில் பேத்தியை மாமி அருகில் உள்ள ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிப் போனார். நான் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். மனம் முழுக்க வீட்டில்தான் இருந்தது.

ஒரு பயிற்சியில் அறிமுகமான நண்பர் மூலம், அந்தப் பக்கத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரோடு நடக்க அனுமதி கிடைத்திருந்தது. அந்தப் பதவியின் ஆங்கிலச் சுருக்கம் பி.எச்.ஐ., மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. எல்லோரும் அவரை "பி.எச்.ஐ. மாத்தயா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் அண்ணன் என்றேன். இருபது வருட அனுபவம். கையில் ஒரு டார்ச், ஒரு நீண்ட அகப்பை, பையில் படிவங்கள், சட்டைப் பையில் போன்.

முதலில் தேநீர்க் கடையில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, தகவல் எப்படிப் போகிறது என்று விளக்கினார். டெங்கு என்று மருத்துவர் சந்தேகப்பட்டாலே போதும், எச்-544 என்ற அட்டையை நிரப்பி அந்தப் பகுதி சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. 1897ஆம் ஆண்டின் தடுப்புக்காப்புக் கட்டளைச் சட்டம் வரைக்கும் போகும் கடமை இது. அட்டை வந்ததும் பதிவேட்டில் ஏறும். பி.எச்.ஐ. நோயாளியின் வீட்டுக்குப் போய் விசாரிப்பார், எச்-411 என்ற படிவத்தில் எழுதுவார். வாரக் கடைசியில் எச்-399 என்ற அறிக்கை கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். 1959இல் தொடங்கிய அந்தப் பிரிவு வாரா வாரம் கணக்கை வெளியிடுகிறது. கேட்டுக்கொண்டே வந்தபோது, இவ்வளவு ஒழுங்கான காகித ஏற்பாடு எங்கள் பக்கம் இருந்திருந்தால் என் வேலை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"காகிதத்தில ஒரு குறையும் இல்ல தங்கச்சி," என்றார் அண்ணன். "தபால்ல வர்ற நாளுதான் பிரச்சினை. அட்டை வர்றதுக்குள்ள நுளம்பு பறந்துரும்."

அந்தக் கணக்கை நான் இங்கே விரித்து எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஏடிஸ் முட்டை தண்ணீரில் நனைந்ததிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். நோயாளியைக் கடித்த நுளம்பு அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கும் நிலைக்கு வர, சுமார் எட்டு முதல் பன்னிரண்டு நாள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர நான்கு முதல் பத்து நாள். நுளம்பு அதிகம் பறப்பதும் இல்லை, பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர்தான். ஆகவே ஒருவருக்குக் காய்ச்சல் என்று தெரிந்த மறுநாளே அவர் வீட்டைச் சுற்றி இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டால், அடுத்த வட்டம் தொடங்கும் முன் அறுக்கலாம். ஒரு வாரம் தாமதித்தால் அதே வேலையை இன்னும் பல வீடுகளில் செய்ய வேண்டி வரும். தகவல் தொழில்நுட்பம் இந்த நோயில் நமக்குச் சம்பாதித்துத் தரக்கூடியது அந்த ஐந்தாறு நாளைத்தான். எனக்கு அது மிகப் பெரியது.

பெரிய அரசு ஆஸ்பத்திரிகளிலிருந்து டெங்குத் தகவல் இப்போது இணையம் வழியே உடனே வந்துவிடுகிறது. பத்து வருடத்துக்கு முன்பே கொழும்பு மாநகரசபைப் பரிசோதகர்கள் கையில் டேப்லட் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியும் சேர்ந்து செய்த அந்த ஏற்பாட்டுக்கு மோ-பஸ் என்று பெயர். விசாரணைப் படிவத்தைத் திரையிலேயே நிரப்பலாம், இடத்தை வரைபடத்தில் குறிக்கலாம், படம் எடுக்கலாம்.

நடக்க ஆரம்பித்தோம். பிரதான வீதியிலிருந்து ஒரு முடுக்கில் நுழைந்தால் உள்ளே ஒரு முழு ஊர். இங்கே அதைத் தோட்டம் என்கிறார்கள். மரம் ஒன்றும் இல்லை, ஒட்டி ஒட்டி வீடுகள். தண்ணீர் சில மணி நேரம்தான் வரும் வீடுகளில் வாசலில் பீப்பாய் இருந்தது. "நேத்துதான் கழுவுனோம் மாத்தயா" என்றார் ஒரு அக்கா. அவர் சொன்னது உண்மைதான், பீப்பாய் சுத்தமாக இருந்தது. அண்ணன் டார்ச்சை மேலே அடித்தார். தகரக் கூரை காற்றில் பறக்காமலிருக்க மேலே பழைய டயர்கள் வைத்திருந்தார்கள். ஏணி வைத்து ஏறி, அகப்பையால் டயருக்குள்ளிருந்து தண்ணீரை மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றினார். வெளிச்சம் பட்டதும் பத்துப் பன்னிரண்டு குடம்பிகள், நுளம்பின் புழுக்கள், நெளிந்துகொண்டு அடிக்கு ஓடின. அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய இரண்டு பிள்ளைகள் அந்த டயருக்குக் கீழேதான் படுக்கிறார்கள்.

அண்ணன் திட்டவில்லை. டயரில் ஓட்டை போட்டால் பாரமும் இருக்கும், தண்ணீரும் தங்காது என்று சொல்லி, பக்கத்து வீட்டுத் தம்பியிடம் துளைபோடும் கருவி கேட்டு வாங்கி, தானே இரண்டு டயரில் போட்டுக் காட்டினார். பிறகுதான் போனை எடுத்தார். முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம்.

அந்த இரட்டைப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பாகிஸ்தானின் லாகூர் நினைவுக்கு வந்தது. 2011இல் அங்கே டெங்கு வந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், முந்நூறுக்கும் மேல் இறந்தார்கள். அதன் பிறகு பஞ்சாப் மாகாணத்துத் தகவல் தொழில்நுட்ப வாரியம் களப்பணியாளர்களுக்கு ஸ்மார்ட்போன் கொடுத்தது. தண்ணீர் தேங்கிய இடத்தைப் போய்ப் பார்த்ததற்கு ஒரு படம், சுத்தம் செய்ததற்கு ஒரு படம், இரண்டிலும் இடமும் நேரமும் தானாகப் பதிவாகும். மறு வருடம் அங்கே நோய் சில நூறுக்குள் அடங்கியது. மழை, வைரஸ் வகை, மக்கள் பயம் எல்லாம் சேர்ந்துதான் அது நடந்திருக்கும், போன் மட்டும் செய்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் போகாத வீட்டுக்குப் போனதாக எழுதும் வழக்கத்தை அந்தப் படங்கள் அடைத்தன. கீழ்மட்டப் பணியாளரைச் சந்தேகிக்கும் கருவியாகவும் அது மாறலாம், அதை நான் விரும்பவில்லை. கொட்டாஞ்சேனை அண்ணன் அந்தப் படத்தை முதலில் அந்த அக்காவுக்குத்தான் அனுப்பினார். "அடுத்த ஞாயிறு இதைப் பார்த்து நீங்களே செக் பண்ணுங்க" என்றார்.

மதியம் வரை முப்பத்தாறு வீடுகள். யோகட் கப், சிரட்டை, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு. கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய தொடர்மாடியின் லிஃப்ட் குழியில் முழங்கால் அளவு தண்ணீர். அங்கே மட்டும் அண்ணனின் குரல் மாறியது. 2007ஆம் ஆண்டு நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் எழுதினார். டயர் வைத்த அக்காவுக்கு ஓட்டை போட்டுக் கொடுத்தவர், இங்கே ஒரு வார்த்தை குறைக்கவில்லை. எனக்கு அது பிடித்தது.

மாலை வீடு திரும்பியதும் பேத்தியைப் பற்றிக் கேட்டேன். கிளினிக்கில் பனடோல் கொடுத்து, வைரல் காய்ச்சலாக இருக்கும், மூன்றாம் நாள் இரத்தம் பார்க்கலாம் என்றார்களாம். அட்டை ஏதாவது எழுதினார்களா என்று கேட்டேன். மாமிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நான்காம் நாள், செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. தென்மேற்குப் பருவமழை இங்கே நம் ஊர்ச் சாரல் மாதிரி இல்லை, வானம் கழன்று விழுகிறது. வெளியே போகவில்லை. பேத்திக்கு ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் தூளைக் கரைத்துக் கொடுப்பது, எத்தனை கோப்பை குடித்தாள், எத்தனை தடவை சிறுநீர் போனாள் என்று எழுதி வைப்பது, இதுதான் வேலை. தலைவலி என்று முனகினாள். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதாம். அஸ்பிரினும் புரூஃபனும் கொடுத்துவிடாதீர்கள் என்று மாமியிடம் இரண்டு தடவை சொன்னேன், டெங்காக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

மத்தியானம் திருக்கோஷ்டியூர்ப் பக்கம் இருக்கும் என் சித்திக்குப் போன் போட்டேன். சித்தி கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் இந்த வேலைக்கு வந்ததற்கு அவர்தான் காரணம். 2008 முதல் 2010 வரை ஒரு ஆய்வுத் திட்டம் நடந்தது, ஒரே நேரத்தில் இலங்கையில் குருநாகலிலும் தமிழ்நாட்டில் எங்கள் சிவகங்கையிலும். கொழும்பில் இருக்கும் லர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம் முன்னின்றது. இந்தப் பக்கம் சர்வோதய தொண்டு அமைப்பு, அந்தப் பக்கம் சென்னை ஐ.ஐ.டி.யின் கிராமப்புறத் தொழில்நுட்பப் பிரிவு, ஓரிடத்தில் நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாகக் கூடுவதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து மென்பொருள். நோயாளியின் வயது, பால், அறிகுறி, நோய் இவற்றைச் சாதாரணப் பொத்தான் போனில் தட்டி அன்றன்றே அனுப்ப வேண்டும். எச்சரிக்கை வந்தால் குறுஞ்செய்தியாகத் திரும்ப வரும். அந்தச் செய்தியை அனுப்பியது சஹானா என்ற கட்டற்ற மென்பொருள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின், காணாமல் போனவர்களையும் நிவாரணப் பொருளையும் கணக்கெடுக்க இதே கொழும்பில் தன்னார்வலர்கள் எழுதியது அது. பெயரே சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும். எங்கள் ஊர்க் காய்ச்சலைக் கண்காணிக்க இந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதிய நிரல் வந்து சேர்ந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

சித்தியிடம் அதைப் பற்றிக் கேட்டேன்.

"நல்ல திட்டந்தான்டி," என்றார். "ஆனா பகலெல்லாம் ஊர் ஊரா அலைஞ்சிட்டு வந்து ராத்திரி உக்காந்து தட்டணும். பட்டியல்ல இருக்கிற நோயின்னா அமுக்கிட்டுப் போயிரலாம். இல்லாததை இங்கிலீஷ்ல அடிக்கணும். குளிர் நடுக்கத்துக்கு 'சில்ஸ்'னு அடிக்க எத்தனை அமுக்கு தெரியுமா?"

அழைப்பை முடித்ததும் பழைய பொத்தான் போனின் எழுத்து அமைப்பை வைத்து எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு. ஒரு அறிகுறிக்குப் பதினெட்டு அழுத்து, நாளுக்கு முப்பது நோயாளி. எழுத்துப் பிழை வராமல் எப்படி இருக்கும்? அந்தப் பிழைகள் தரவின் தரத்தைக் கெடுத்தன என்று ஆய்வில் வந்தபோது, சித்தி போன்றவர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று சிலர் சொன்னார்கள். தமிழிலேயே தட்ட முடிந்திருந்தால், அல்லது மருந்துச் சீட்டு எழுதும் இடத்திலேயே ஒரு தடவை பதிந்தால் போதும் என்று இருந்திருந்தால்? களத்தில் இருப்பவருக்குப் புதிய வேலையைச் சேர்க்காமல் பழைய வேலையில் ஒன்றையாவது குறைத்தால்தான் இந்த மாதிரி ஏற்பாடு நிலைக்கும். தான்சானியாவில் 2009இல் மலேரியா மருந்து இருப்பைக் குறுஞ்செய்தியில் கேட்டார்கள். 129 சுகாதார நிலையங்கள். வாரத்துக்கு ஒரு செய்தி, பதிலுக்குச் சில எண்கள், அவ்வளவுதான். ஏதாவது ஒரு மருந்தாவது தீர்ந்துபோன நிலையங்கள் 78 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாகக் குறைந்தன. நர்ஸ் கையில் ஏற்கெனவே இருந்த போன், ஏற்கெனவே தெரிந்த வேலை. உகாண்டாவில் எதிர்மாறாக, ஆளுக்கொரு சோதனைத் திட்டம் என்று குவிந்து, 2012இல் சுகாதார அமைச்சே இனி புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம் என்று நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

மழை விடவில்லை. மலேரியாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். 1934-35இல் இந்தத் தீவில் எண்பதாயிரம் பேர் அளவில் மலேரியாவால் இறந்தார்கள். அங்கிருந்து இறங்கி இறங்கி 1963இல் நோயாளிகள் வெறும் 17 பேர். முடிந்தது என்று நினைத்தார்கள், தேடுவது தளர்ந்தது. 1969க்குள் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. பிறகு உள்நாட்டுப் போரின் நடுவிலும் விடாமல் இரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து, 2012 அக்டோபரில் கடைசி உள்நாட்டு நோயாளி. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று தந்தது. சித்தி போன்றவர்கள் "இந்த வாரம் ஒன்றும் இல்லை" என்று அனுப்பும் வெற்று அறிக்கைக்கும் உள்ள மதிப்பை நான் படித்தது அந்த 1963இலிருந்துதான்.

மாலையில் இரத்தப் பரிசோதனை. இரத்தத் தட்டணு 1,38,000, இருக்க வேண்டியதைவிடக் குறைவு. டெங்கு ஆன்டிஜன் பாசிட்டிவ்.

ஐந்தாம் நாள், புதன்

காலையில் பேத்திக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. மாமி சாமி படத்துக்குப் பூ வைத்தார். எனக்கு வயிற்றில் கல் விழுந்த மாதிரி இருந்தது. டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிப்பது அப்போதுதான். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் கண் எடுக்கக் கூடாது. வயிறு வலிக்கிறது என்றாள். உடனே ஓட்டோ பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தட்டணு 84,000. வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மணி நேரமும் நாடி, இரத்த அழுத்தம், குடித்த அளவு, கழித்த அளவு. நர்ஸ் ஒருவர் நடுவில் வந்து முகவரி, பள்ளிக்கூடம், காய்ச்சல் தொடங்கிய தேதி எல்லாம் கேட்டுக் கணினியில் ஏற்றினார். அவர் தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிப் பேசினார். மாமிக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.

ஞாயிறு இரவு தொடங்கிய காய்ச்சல். திங்கட்கிழமை ஒரு மருத்துவர் பார்த்தார். அன்றே பி.எச்.ஐ.க்கு ஒரு செய்தி போயிருந்தால், தகவல் கிடைத்து இன்று மூன்றாம் நாள். வெளியே வராந்தாவில் நின்றபோது எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கிளினிக் மருத்துவர் கெட்டவர் இல்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்திருப்பார்கள். அட்டையை எடுத்து நிரப்பி உறையில் போட்டு அனுப்ப அவருக்கு யார் இருக்கிறார்கள்? அவர் கையிலும் ஒரு போன் இருக்கிறது. சந்தேகம் வந்த அந்த நிமிடமே இரண்டு அழுத்தில் அனுப்ப ஒரு வழி அவருக்குத் தேவை. சொல்லப்போனால், என் வேலையில் இனி நான் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

ஆறாம் நாள், வியாழன்

காலை ஒன்பதரைக்கு வாசலில் மோட்டார் சைக்கிள். இந்தப் பகுதிப் பி.எச்.ஐ. வந்துவிட்டார். ஆஸ்பத்திரி தகவலைக் கணினியில் ஏற்றி இருபத்துநான்கு மணி நேரம் ஆகவில்லை. இளைஞர், சிங்களவர், தமிழ் தட்டித் தட்டிப் பேசினார். மாமி சிங்களத்தில் பதில் சொன்னார். "நோனா (அம்மா), ஸ்கூல் எது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நல்ல கேள்வி. அட்டையில் வீட்டு முகவரிதான் இருக்கும், ஆனால் பகலில் கடிக்கும் நுளம்பு பள்ளியில் கடித்திருக்கலாம். பகலில் கொழும்பு நகருக்குள் இருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளியிலிருந்து வருகிறவர்கள் என்று, பெயர் நீக்கிய போன் அழைப்புப் பதிவுகளை வைத்து லர்ன்ஏசியா ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதே தரவை டெங்கு நகரும் பாதையைக் கணிக்கவும் பயன்படுத்திப் பார்த்தார்கள். இவர் அந்தக் கணிப்பையெல்லாம் ஒரு கேள்வியில் வைத்திருந்தார்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். கூரைப் பீலி, பூச்சாடி, பின் வளவில் கவிழ்த்து வைத்த வாளி, எல்லாம் சுத்தம். மாமிக்குப் பெருமை. பக்கத்து வீடு பூட்டியிருந்தது. சொந்தக்காரர் கனடாவில். வெள்ளவத்தையில் இப்படிப் பல வீடுகள். மாமியின் போனில் அவருடைய வாட்ஸ்அப் எண் இருந்தது. டொரன்டோவில் நள்ளிரவு தாண்டியிருக்கும், இருந்தும் எடுத்தார். மாமி விஷயத்தைச் சொன்னதும் தூக்கம் கலைந்த குரலில், "சாவி அந்தப் பூட்டுக்காரக் கடையிலை இருக்கு, அக்கா. உடனே திறவுங்கோ. என்னையும் லைன்லையே வைச்சிருங்கோ, நானும் பாக்கிறன்" என்றார்.

திறந்து மொட்டை மாடிக்கு ஏறினோம். தண்ணீர்த் தாங்கியின் மூடி காற்றில் கழன்று, கவிழ்ந்து, ஒரு தட்டு மாதிரி மழைநீர் பிடித்து வைத்திருந்தது. டார்ச் அடித்தார். கருப்பாக நெளிந்தன. நான் போனைக் குனிந்து பிடித்தேன், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவர் பார்த்தார். "ஐயோ, பிள்ளைக்கு இதாலையோ வந்தது?" என்றார். இதாலா, பள்ளியிலா, யாருக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. பி.எச்.ஐ. தம்பி அதையே மெதுவாகச் சொன்னார். மூடியைத் தூக்கி வெயில் சுடும் சீமெந்துத் தரையில் கொட்டினார். முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும் என்று சொல்லித் தும்புத்தடி வாங்கித் தேய்த்தார். தாங்கியை இறுக்கி மூடினார்.

பிறகு போனில் வரைபடத்தைத் திறந்தார். இந்த ஒழுங்கையில் ஒரு புள்ளி, மாமி வீடு. கடல் பக்கம் இன்னொரு புள்ளி. நேற்று இரவு வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததாம். ஆறு வீடு தள்ளி, பன்னிரண்டு வயதுப் பையன், வேறு பள்ளிக்கூடம்.

ஆஸ்பத்திரியிலிருந்து மாமியின் மகள் பேசினார். பேத்தியின் இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, காலையில் இரண்டு இடியப்பம் சாப்பிட்டாள், இன்றிரவு வரை பார்த்துவிட்டுச் சொல்வார்களாம். மாமி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.

என் விமானம் மாலையில்தான். பி.எச்.ஐ. தம்பியின் அகப்பையையும் டார்ச்சையும் வாங்கிக்கொண்டு அவரோடு கடல் பக்கம் இறங்கினேன்.